நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்கள்

சுவா சூ காங்கில் நான் தங்கியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை காலைகளில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சென்ற மாதம், பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் வந்தான். இரண்டு பாடங்களில் தோல்வியாம். பொறியியலை விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போகலாமா அக்கா என்று கேட்டான். முதலில் பட்டயப் படிப்பை முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லாரும் சொல்வதுதானே! ஆனாலும் அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், அடுத்து என்ன படிப்பது என்று கேட்க ஆளில்லாமல் நின்றவள்தானே நானும்?

அப்போதுதான் சீனிவாச ராமானுஜன் நினைவுக்கு வந்தார். கணித மேதை என்று பள்ளியில் நாம் படித்த ராமானுஜன் அல்ல. கல்லூரியில் தோற்றுப்போன ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தை துணிக்கடையில் கணக்கர். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை. மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். 1907-இலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. படிக்காத நண்பர்கள் இதைச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உடன்பாடில்லை. ராமானுஜன் சும்மா இருந்து தோற்கவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துகொண்டே இருந்தன.

பட்டமில்லை, வேலையில்லை. 1909-இல் திருமணமும் ஆகிவிட்டது. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லித்தந்தும் பார்த்தார். கடைசியில், ஒரு குமாஸ்தா வேலையாவது கிடைக்காதா என்று 1910 வாக்கில் திருக்கோவிலூருக்குப் போய் வி. ராமசுவாமி ஐயரைப் பார்த்தார். அவர் அங்கே துணை ஆட்சியர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவரும் அவரே. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர் வேலை தர மறுத்துவிட்டார்! இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் புதைக்க அவருக்கு மனமில்லை. அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார்.

இதைப் பலரும் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு இன்னும் தயக்கம்தான். பசியோடு வந்தவருக்குக் கடிதம் சோறு போடுமா? நல்லவேளையாக, கடிதம் போய்ச் சேர்ந்த இடங்கள் நல்ல இடங்கள். கும்பகோணத்தில் அவருக்குப் பாடம் நடத்திய சேஷு ஐயர், நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவைப் பார்க்கும்படி சொன்னார். முதலில் நம்பாத ராவ், சில சந்திப்புகளுக்குப் பிறகு மாதந்தோறும் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். எவ்வளவு நாளைக்குத்தான் பிறர் பணத்தில் வாழ்வது? 1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் குமாஸ்தாவானார்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்த அலுவலகத்து நாராயண ஐயர். மேலதிகாரியாக இருந்தும், மாலை நேரங்களில் சிலேட்டும் கையுமாக ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர். பத்துப் படிகளை இரண்டாகத் தாண்டிப் போகிறவரிடம், மற்றவர்களுக்கும் விளங்கும்படி விரித்து எழுதச் சொன்னவரும் அவரே. வேலையும் கிடைத்தது, வேலைக்கு அப்பால் ஒரு துணையும் கிடைத்தது. அவரும் துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் தந்த ஊக்கத்தில் ராமானுஜன் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் இருவர் உதவவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் எழுதிய கடிதத்தை ஹார்டி படித்தார்.

அதே ஆண்டில், எஃப்.ஏ. தேறாத அந்த இளைஞருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1916-இல் ஆய்வின் வழியாகக் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது 32.

நம் தம்பி ராமானுஜனா என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் இருக்காது. ஆனால் ராமசுவாமி ஐயரும் ராவும் நாராயண ஐயரும் வாய் திறப்பதற்கு முன் அந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார்கள். நான் அவனுடைய மதிப்பெண்ணைக் கேட்டேன். அவன் வரைந்த ஒரு படத்தைக்கூடக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

நேற்று மின்தூக்கி அருகே அவனைப் பார்த்தேன். வரும் சனிக்கிழமை வரைபட நோட்டைக் கொண்டு வா என்றேன். எது, பழையதா புதியதா என்று கேட்டான். இரண்டையும் என்று சொல்லியிருக்கிறேன்.