நீலகிரியில் ட்ரவுட் மீன் வளர்க்க முயன்ற ராணுவ டாக்டர்: யார் இந்த பிரான்சிஸ் டே?

நீலகிரி ஓடைகளில் இருக்கும் ட்ரவுட், நம்ம ஊர் மீன் இல்லை. சாப்பாட்டுக்கும் தூண்டில் விளையாட்டுக்கும் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்தது. அதற்கு முதன்முதலில் முயன்று தோற்றவர் பிரான்சிஸ் டே.

யார் இவர்?

1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். மருத்துவம் படித்து, 1852-ல் சென்னை ராணுவத்தில் உதவி சர்ஜனாக வந்தார். வேலை வைத்தியம், ஆனால் மனசு முழுக்க மீன் மேல்தான்.

ட்ரவுட் முயற்சி ஏன் தோற்றது?

1860-களில் ட்ரவுட்டை ஊட்டி மலைக்குக் கொண்டுவரப் பார்த்தார். சூயஸ் கால்வாய்கூட திறக்காத காலம் அது. கப்பல் வெப்பக் கடலைத் தாண்டணும். ட்ரவுட்டுக்கோ சூடு ஆகவே ஆகாது. முயற்சி பலிக்கவில்லை. டே இறந்து பல வருஷம் கழித்து, 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் அங்கே நிலைத்தது.

அப்போ டே சாதித்தது என்ன?

வீட்டு மீன் தொட்டிகளில் இன்று பிரபலமான 'மிஸ் கேரளா' மீனை 1865-ல் அறிவியல் உலகுக்குச் சொன்னவர் இவர்தான். சென்னை கவர்னர் டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். 1875 முதல் 1878 வரை வெளியான இவரது 'இந்திய மீன்கள்' நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

தாமிரபரணிக்கு என்ன சம்பந்தம்?

இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளராக 1873-ல் அறிக்கை கொடுத்தார். சின்னக் கண்ணி வலை, குஞ்சு மீன் பிடிப்பது, தண்ணீரில் விஷம் கலப்பது, மீன் ஏற வழியில்லாத அணைக்கட்டு... இவையெல்லாம் ஆற்று மீனை அழிக்கும் என எச்சரித்தார். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். கொற்கை அதற்கும் கீழே, கடலோரப் பக்கம். கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் விலாங்கு போன்ற மீன்களுக்கு அணைக்கட்டு ஒவ்வொன்றும் ஒரு சுவர்தான்.

1877-ல் ஓய்வு பெற்ற டே, பிரிட்டிஷ் மியூசியத்தின் குந்தருடன் இருந்த பகையால், தன் சேகரிப்பின் பெரும்பகுதியை 1883-ல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1889-ல் புற்றுநோயால் இறந்தார்.

8 வருஷம் கழித்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. விஷம் கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பது குற்றமானது. அணைக்கட்டில் மீனுக்கு வழி வேண்டும் என்ற அவரது கோரிக்கை மட்டும் 150 வருஷம் கழித்தும் பல ஆறுகளில் அப்படியே நிற்கிறது.