அரசுக்காக 15 ஆண்டுகள் வாதாடியவர், அரசைக் கேள்வி கேட்கும் சட்டத்தை எழுத உட்கார்ந்த கதை: யார் இந்த அல்லாடி?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி விஷயத்தில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று அரசிடம் கேட்டது.

இப்படி ஒரு வழக்கு வந்தால் அரசுத் தரப்பில் பதில் சொல்ல வேண்டியவர்கள், அட்வகேட் ஜெனரல் எனப்படும் அரசு தலைமை வழக்கறிஞரும் அவருக்குக் கீழே இருக்கும் அரசு வழக்கறிஞர்களும்தான். அந்த நாற்காலியில் 1929 முதல் 1944 வரை உட்கார்ந்திருந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். இன்று அரசைக் கோர்ட்டில் நிறுத்த உதவும் அரசியலமைப்பை எழுதிய குழுவிலும் அவர் இருந்தார்.

அர்ச்சகர் வீட்டுப் பையன்

அல்லாடி பிறந்தது 1883 மே 14-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உள்ள புதூர் கிராமத்தில். அப்பா ஏகாம்ர சாஸ்திரி, கோயில் அர்ச்சகர். வசதியான குடும்பம் இல்லை. 1899-ல் மெட்ரிக் முடித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்தார். பிறகு சட்டம்.

அன்றைக்கு மெட்ராஸில் பெயர் பெற்ற வக்கீலாக இருந்த பி.ஆர். சுந்தரய்யரிடம் தொழில் பழகி, 1907-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். 22 ஆண்டுகளில் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1932-ல் சர் பட்டமும் வந்தது.

டீம் லீடர் வேலை என்றால் என்ன?

அரசு எடுக்கும் முடிவு சட்டப்படி செல்லுமா என்று ஆலோசனை சொல்வது, செல்லாது என்று யாராவது வழக்குப் போட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக நிற்பது. சுருக்கமாக, இதுதான் அட்வகேட் ஜெனரலின் வேலை. இன்று அவருக்குக் கீழே கூடுதல் தலைமை வழக்கறிஞர்கள், அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர்கள் என்று ஒரு பெரிய படையே இருக்கிறது.

அல்லாடி இருந்த 15 வருஷத்தில் ஆட்சி எத்தனையோ முறை மாறியது. சுப்பராயன் அமைச்சரவை, பிறகு முனுசாமி நாயுடு, பொப்பிலி ராஜா என நீதிக்கட்சி ஆட்சி, 1937-ல் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை, 1939-ல் அது ராஜினாமா செய்ததும் கவர்னர் ஆட்சி. மேலே இருப்பவர்கள் மாறினார்கள். அட்வகேட் ஜெனரல் மாறவில்லை.

சென்னைக்கு வெளியே ரிட் கிடையாது!

அந்தக் காலத்தில் சாமானியர்கள் அரசு உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு வழக்கு போதும். கஞ்சம் மாவட்டம் பர்லாகிமிடி ஜமீனில் இருந்த குடியானவர்கள், ஜமீனுக்குக் கட்டவேண்டிய வாரம் பற்றிய ரெவின்யூ போர்டு உத்தரவை ரத்து செய்யக் கேட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சென்னை நகர எல்லைக்கு வெளியே நடந்த இந்த விவகாரத்தில் ரிட் பிறப்பிக்க சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1943-ல் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் அந்த போர்டின் ஆபீஸ் இருந்தது சென்னையில்தான்!

இதை இப்படி யோசித்துப் பாருங்கள்: மயிலாப்பூர்க்காரருக்குத் திறந்திருந்த கதவு, தென்னாற்காட்டின் கள்ளக்குறிச்சிக்காரருக்கு மூடியிருந்தது.

அரசியலமைப்பின் 226-வது பிரிவு இதை மாற்றியது. உயர் நீதிமன்றம் தன் எல்லைக்குள் இருக்கும் எந்த அரசுக்கும், எந்த அதிகாரிக்கும் ரிட் பிறப்பிக்கலாம். கல்வராயன் மலை மாதிரியான வழக்குகளுக்கு அடித்தளம் இந்தப் பிரிவுதான்.

அம்பேத்கர் சொன்னது

1947 ஆகஸ்ட் 29-ல் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவில் ஏழு பேர். தலைவர் அம்பேத்கர். அல்லாடி ஓர் உறுப்பினர். அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த சிறு குழுவிலும் அவர் இருந்தார். 15 ஆண்டுகள் அரசு வக்கீல்களுக்குத் தலைவராக இருந்தவர், இங்கே இன்னொருவர் தலைமையில் ஒரு டீம் மெம்பர்.

1949 நவம்பர் 25-ல் பேசிய அம்பேத்கர், தன்னைவிடத் திறமையான அல்லாடி போன்றவர்கள் இருக்கும்போது தன்னைத் தலைவராக்கியது தனக்கே ஆச்சரியம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

விமர்சனமும் உண்டு. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று அளக்கும் பெரிய அதிகாரத்தை நீதிபதிகளுக்குத் தரும் வாசகம் முதலில் பரிசீலனையில் இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டபோது அல்லாடி அதை ஆதரித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபையை நீதிபதிகள் முடக்கிவிடக் கூடாது என்ற கவலை அது. ஆனால் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் 1950-லேயே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்தக் கதவு ஓரளவு திறக்க 1978-ல் வந்த மேனகா காந்தி வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் ஓட்டு

அல்லாடி ஒரு விஷயத்தில் தயங்கவில்லை. படிப்பறிவு இல்லாதவர்களுக்கு ஓட்டா என்ற கேள்வி அன்று இருந்தது. அறியாமையும் எழுத்தறிவின்மையும் பெரிய அளவில் இருந்தாலும், சாமானிய மனிதன் மேல் வைத்த நம்பிக்கையால்தான் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமையை ஏற்றிருக்கிறோம் என்று 1949 நவம்பரில் அவர் சபையில் விளக்கினார்.

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலைப்பகுதி 1976-ல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது என்றும், மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1990-களில்தான் என்றும் 2024 வழக்கில் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அப்படியென்றால், அல்லாடி சபையில் விளக்கிய அந்த உரிமை டெல்லியிலிருந்து இந்த மலைக்கு ஏறி வர 40 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அல்லாடி 1953 அக்டோபர் 3-ல் காலமானார். ஒரு மகன் அல்லாடி குப்புசாமி, ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். இன்னொரு மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், சென்னையில் 1962-ல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிய இயற்பியலாளர்.

அல்லாடி வகித்த பதவி இப்போது அரசியலமைப்பின் 165-வது பிரிவில் இருக்கிறது. அந்தப் பதவியில் இருப்பவரை நோக்கி, மலையில் ரோடு எங்கே என்று நீதிபதிகள் கேட்க வழி செய்வது 226-வது பிரிவு. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.