குரல் பிடித்த கெய்ஸ்பர்க்

நூறு பவுன்! 1902-ம் ஆண்டில் அது லேசான தொகை அல்ல. இத்தாலியின் மிலான் நகரில் ஓர் இளம் பாடகர், பத்துப் பாட்டுக்கு அந்தத் தொகையைக் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று லண்டன் தலைமைக் காரியாலயத்திலிருந்து தந்தி வந்துவிட்டது. தந்தியும் கையுமாக நின்றவர் பிரெட் கெய்ஸ்பர்க், கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு நிபுணர். வயது 29.

1873 ஜனவரி 1-ந் தேதி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே பியானோவில் நல்ல தேர்ச்சி. பள்ளியில் படிக்கும்போதே கொலம்பியா போனோகிராப் கம்பெனிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போனார். மெழுகு உருளையில் ஒலியைப் பதிந்த காலம் அது. வாசிக்கப் போன பையன் யந்திரத்தையும் கற்றுக்கொண்டான். பிறகு, தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரிடம் சேர்ந்தார். ஒலிப்பதிவைச் சொல்லித்தர அன்று கல்லூரி ஏது? பெர்லினரின் பட்டறைதான் பள்ளிக்கூடம். பியானோ வாசிப்பதும், பாடகர்களைத் தேடிப் பிடித்து வருவதும்கூட அவர் வேலைதான். 1898-ல் லண்டனுக்கு வந்து, மெய்டன் லேன் தெருவில் ஒரு நிலவறையில் ஒலிப்பதிவு தொடங்கினார்.

மைக் என்பதே இல்லாத நாட்கள். சுவரில் ஒரு தகரக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். பாடகர் அதன் வாய்க்குள் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஒரு மெல்லிய தகடு துடிக்க, அதனோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். உச்சஸ்தாயியில் குரல் வெடித்தால் பதிவு பாழ்! ஆகவே மேலே போகும்போது பாடகரைப் பின்னால் இழுப்பதும், கீழே இறங்கும்போது முன்னால் தள்ளுவதும் வழக்கம். மேடையில் மகாராணிபோல் வாழ்ந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மெழுகைப் போட்டுக் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. கேட்டால் கோடு அழிந்துவிடும். நன்றாக வந்திருக்கிறதா என்பதைக் காதாலேயே கணிக்க வேண்டும். அந்தக் காதுதான் கெய்ஸ்பர்க்கின் முதலீடு.

மிலானிலும் அந்தக் காதையே அவர் நம்பினார். தந்தியை ஒதுக்கிவிட்டுத் தம் பொறுப்பிலேயே சம்மதித்தார். ஹோட்டல் அறையில், பெட்டிகளின் மேல் ஏற்றி வைத்த பியானோவின் துணையோடு பத்துப் பாட்டுகள் பதிவாயின. பாடியவர் என்ரிகோ கருஸோ! இசைத்தட்டுகள் விற்ற விற்பனையில் கம்பெனிக்கு நூறு பவுன் தூசாயிற்று. கிராமபோனை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய பெரிய பாடகர்களும் மனம் மாறினார்கள். 1904-ல் மெல்பா பாடினார். அடெலினா பட்டி, 1905-ல் வேல்ஸ் நாட்டிலிருந்த தம் மாளிகைக்கே யந்திரத்தை வரவழைத்துப் பாடினார்.

கருஸோவைப் பதிந்த அதே ஆண்டு நவம்பரில் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் இருந்தார். அங்கே பாடியவர்களில் முக்கியமானவர் கோஹர் ஜான். அவரும் 1873-ல் பிறந்தவரே! மூன்று மணி நேரம் விரிய வேண்டிய ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் அடக்கிக் காட்டினார் அந்த அம்மாள். பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். பாடியவர் யாரென்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டாமா? கல்கத்தாவுக்குப் பிறகு ஜப்பான் வரை போய்ப் பதிந்து வந்தார் கெய்ஸ்பர்க்.

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. தகரக் குழல் மூலைக்குப் போயிற்று. கெய்ஸ்பர்க் போகவில்லை. கலைஞர்களைத் தேர்ந்து, என்ன வாசிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு அவருடையதாயிற்று. 1932-ல், 16 வயது மெனுஹினையும் 75 வயது எல்காரையும் ஒன்றுசேர்த்து எல்காரின் வயலின் கான்செர்ட்டோவைப் பதிந்தார்.

1938 ஜனவரி 16. வியன்னாவில் புரூனோ வால்ட்டர், மாலரின் ஒன்பதாவது சிம்பனியை நடத்தினார். அந்தக் கச்சேரியை அப்படியே பதிந்தது கெய்ஸ்பர்க்கின் குழு. இரண்டே மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. யூதரான வால்ட்டர் நாடிழந்தார். மாலரின் மைத்துனரும் அன்று முதல் வயலின் வாசித்தவருமான ஆர்னல்ட் ரோஸே லண்டனில் அடைக்கலம் புகுந்தார். அந்த வாசிப்பு தட்டில் தங்கிவிட்டது.

1939-ல் ஓய்வு பெற்ற கெய்ஸ்பர்க், 1951 செப்டம்பர் 2-ந் தேதி லண்டனில் காலமானார்.