குமிழியை அடக்கிய பேக்லண்ட்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மகாராஜபுரத்துப் பெண்ணாகிய எனக்கு அது பழகிய காட்சி. முதலில் பால் நுரைத்துப் பொங்கும். இறுக இறுகக் குமிழிகள் மேலே வர முடியாமல் திணறும். பிறகு பெரிதாக உப்பி, ‘பொத்’தென்று வெடித்துக் கையைச் சுட்டுவிடும். இத்தகைய குமிழிகளோடு போராடிப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாறு இது.

லியோ பேக்லண்ட் 1863ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பெல்ஜிய நாட்டிலுள்ள கென்ட் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாயார் பிறர் வீட்டில் வேலை செய்தவர். மகன் படித்தாக வேண்டும் என்பதில் அந்தத் தாய் உறுதியாக இருந்தார். மகனும் 21 வயதிலேயே வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் தம் பேராசிரியரின் மகள் செலினை மணந்து அமெரிக்கா சென்றார். அங்கே வெலாக்ஸ் என்னும் புகைப்படத் தாளை உருவாக்கி, 1899இல் அத்தொழிலை ஈஸ்ட்மனுக்கு விற்றுச் செல்வந்தரானார். இனி ஓய்வாக இருந்திருக்கலாம். அவரோ யாங்கர்ஸ் நகரில் வாங்கிய வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக் கொண்டார்.

மின்சாரம் பரவத் தொடங்கிய காலம் அது. மின்கருவிகளுக்குக் காப்புப் பொருளாக நம் நாட்டு அரக்கு கப்பலேறியது. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பொருளாதலால் தேவைக்கு ஏற்பக் கிடைக்கவில்லை. இதற்கு மாற்றாகச் செயற்கைப் பிசின் ஒன்றைச் செய்ய முனைந்தார் பேக்லண்ட்.

பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் உண்டாகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் பேயர் 1872இலேயே கண்டிருந்தார். ஆனால் பிசினோடு நீரும் உண்டாகிறது. சூட்டில் அந்நீர் ஆவியாகி, தூசியையோ நுண்ணிய காற்றுத்துளியையோ பற்றிக்கொண்டு குமிழியாகப் பிறக்கிறது. சுற்றிலுமுள்ள ஆவி உள்ளே சேரச் சேர அது வளர்கிறது. தண்ணீராக இருந்தால் மேலேறி ஓடிவிடும். கூழ் போன்ற பிசினிலோ சிக்கிக்கொள்ளும். பிசின் இறுகியதும் ஆப்பத்தின் நடுப்பகுதி போல ஒரே ஓட்டை!

குமிழிக்குப் பயந்து மற்றவர்கள் சூட்டைக் குறைத்தார்கள். வேலை மிக மெதுவாக நடந்தது. பேக்லண்டோ சூட்டை 100 டிகிரிக்கு வெகு மேலே ஏற்றினார்! கூடவே, மூடிய இரும்புப் பாத்திரத்தில் அழுத்தத்தையும் ஏற்றினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். ஆவியின் அழுத்தத்தைவிட வெளி அழுத்தம் மிகுந்தால் குமிழி வளரவே முடியாது. பிசின் கல்லாக இறுகிய பிறகு மூடியைத் திறந்தால் என்ன கவலை? இவ்வளவு எளிய வழி பலருக்கும் தோன்றவில்லையே என்று வியந்தேன்.

1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909 பிப்ரவரியில் நியூயார்க்கில் வேதியியலார் முன் அறிவித்தார். பேக்கலைட் பிறந்தது! வானொலிப் பெட்டி, தொலைபேசி, பழைய வீடுகளில் நாம் காணும் கறுப்பு மின்பொத்தான் எல்லாம் அதனால் ஆனவையே. ஆயினும் இசைத்தட்டுகளில் அரக்கு இன்னும் பல்லாண்டுகள் நிலைத்தது.

முதுமையில் இச்செல்வர் தகர டப்பாவில் அடைத்த உணவையே விரும்பி உண்டாராம். 1944 பிப்ரவரி 23இல் காலமானார். அவர் பயன்படுத்திய இரும்புப் பாத்திரம் ஒன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.