அண்ணனை நினைவில் வைத்தோம், தம்பியை மறந்தோம்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றதும் இலங்கை முஸ்லிம்களுக்கு இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, சோனகர் இனத்தால் தமிழரே என்று 1880களில் அவர் முன்வைத்த வாதம். மற்றையது 1915 கலவரம். கைதான சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் அவர் வலுவாகப் பேசினார். கடைகளையும் உயிர்களையும் இழந்த நம்மவரின் வேதனையோ பின்தள்ளப்பட்டது. அந்தக் கசப்பு நியாயமானதே. ஆனால் அதனாலேயே அவரது தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலத்தையும் நாம் வாசிக்காமல் விட்டுவிட்டோம். அதில் நட்டம் நமக்குத்தான்.

நான் கொச்சிக்கடையில் வளர்ந்தவன். அந்தோனியார் கோயிலும், பள்ளிவாசல்களும், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. அந்தச் சிவன் கோயிலைத் தொடங்கியவர் அருணாசலத்தின் தந்தை பொன்னம்பல முதலியார். கருங்கல்லில் மீளக் கட்டுவித்தவர் அண்ணன் இராமநாதன். வீதிக்கும் அண்ணனின் பெயர்தான். தம்பியை நான் அறிந்துகொண்டது நூலகத்தில்.

1853இல் பிறந்த அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். பதிவாளர் நாயகமாக இருந்தபோது குழம்பிக் கிடந்த அத்திணைக்களத்தைச் சீர்ப்படுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. சுமார் 35 இலட்சம் மக்களை எண்ணிக் கணக்கெடுத்த அந்த அனுபவம், நாட்டின் வறுமையையும் கல்லாமையையும் இலக்கங்களில் பார்க்கும் பழக்கத்தை அவருக்குத் தந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1913இல் ஓய்வுபெற்றதும் வீட்டில் அமரவில்லை. 1917 ஏப்ரல் 2ஆம் திகதி கொழும்பில் நமது அரசியல் தேவைகள் என்ற தலைப்பில் அவர் ஆற்றிய உரை, இந்நாட்டின் சீர்திருத்தக் கோரிக்கைக்கு உருவம் கொடுத்தது. அப்போது படித்த இலங்கையர் அனைவருக்குமாகச் சட்டநிரூபண சபையில் இருந்தது ஒரேயொரு தெரிவு செய்யப்பட்ட ஆசனம். அதற்கு 1911இல் வாக்குரிமை பெற்றிருந்தோர் 3,000 பேரிலும் குறைவு. மக்களுக்குப் பதில் சொல்லாத ஆட்சியை மக்களுக்குப் பொறுப்புள்ளதாக மாற்ற வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

அந்த உரைக்கு அவரைத் தூண்டியவர் டீ.ஆர். விஜேவர்தன. அவரே 1918 ஜனவரியில் சிலோன் டெய்லி நியூஸ் பத்திரிகையை ஆரம்பித்தார். மண்டபத்தில் பேசியது மண்டபத்தோடு முடிந்துவிடாமல் நாடெங்கும் போக வேண்டுமானால் பத்திரிகை வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை புரிந்திருந்தது. நம்மில் அறிஞர் சித்திலெப்பை 1882இலேயே முஸ்லிம் நேசனைத் தொடங்கி அதைச் செய்து காட்டியிருந்தார்.

அருணாசலம் அரசியலமைப்போடு நின்றுவிடவில்லை. 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அமைத்தார். வேலையை விட்டுச் சென்ற தோட்டத் தொழிலாளியைச் சிறையில் தள்ளும் சட்டம் அன்று இருந்தது. அதை நீக்கக் கோரி அவர் உழைத்தார். 1921இல் அது நீக்கப்பட்டது.

அதே ஆண்டில்தான் அவர் தோற்றார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1918 டிசம்பரில், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று சிங்களத் தலைவர்கள் எழுத்தில் உறுதியளித்தனர். அருணாசலம் அதை நம்பி, தன் பெயரைப் பிணையாக வைத்து, யாழ்ப்பாணச் சங்கத்தாரை இணங்கச் செய்தார். 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆனால் ஆசனம் கேட்ட வேளையில் அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை. அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1924 ஜனவரி 9ஆம் திகதி மதுரையில் காலமானார்.

இது தமிழரின் கதை என்று நாம் கடந்துபோக முடியாது. 1924ஆம் ஆண்டின் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கு மூன்று ஆசனங்கள் இருந்தன. டொனமூர் திட்டம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தபின், 1931இல் தேர்தலில் வென்று வந்த முஸ்லிம் மாக்கான் மாக்கார் ஒருவரே. இன்றும் புதிய அரசியலமைப்பு, புதிய தேர்தல் முறை, மாகாண சபைத் தேர்தல் என்று பேச்சு அடிபடுகிறது. தேர்தல் மேடைகளில் நமக்கு வாக்குறுதிகளுக்குக் குறைவிருக்காது. கடிதமாக எழுதிக் கொடுத்த உறுதியே மூன்று ஆண்டுகள் தாங்கவில்லை. அப்படியிருக்க, தலைவர்கள் கைகுலுக்கிக் கொள்வதை மட்டும் நம்பி இருக்கலாமா? சட்டத்தின் வாசகத்தில் ஏறும்வரை எதையும் கிடைத்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

அதற்கு முதலில் நாம் வாசிக்க வேண்டும். தேர்தல் சட்டமூலமோ வரவுசெலவுத் திட்டமோ வெளிவரும்போது, மாதத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நமது பள்ளிவாசல் மண்டபங்களில் அதை வாசித்து விளக்கும் ஒரு கூட்டம் நடக்கட்டும். நமது சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் வந்து பேசட்டும். இளைஞர்கள் கேள்வி கேட்கட்டும். பேசியதை நமது ஊடகங்கள் பிரசுரிக்கட்டும். சகோதர சமூகத்தவரையும் அழைப்போம். கொச்சிக்கடையில் அவர்கள் அடுத்த வீட்டில்தானே இருக்கிறார்கள்.