கள்ளுக்கடை, பிசிஜி ஊசி, அணுகுண்டு: ராஜாஜி போட்ட ஆபத்துக் கணக்கு

ஹெல்மெட் இல்லாமல் பைபாஸில் எண்பதில் பறக்கிற ஆள்தான், தடுப்பூசி என்றால் பத்துப் பேரிடம் விசாரிப்பார். இது வாட்ஸ்அப் காலத்து வியாதி என்று நினைத்தால் தப்பு. 1955-ல் காசநோய்க்கான பிசிஜி ஊசியை எதிர்த்து நாட்டையே பேச வைத்தவர் ஒரு சேலத்து வக்கீல். முன்னாள் முதல்வர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். ஆமாம், ராஜாஜிதான்.

அறிவியல் தெரியாததால் எதிர்த்தார் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர், 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1916-ல் அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேட அதே ஊரில் ஒரு சங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு நகராட்சித் தலைவர். வேதியியலை எளிய தமிழில் சொல்ல ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு புத்தகமே எழுதினார்.

ஆபத்து என்றால் என்ன என்பதை அவர் கிட்டத்தில் பார்த்தது திருச்செங்கோடு பக்கம். 1925-ல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்று லாரிக்கும் முட்டைக்கும் பெயர்போன நாமக்கல் மாவட்டம் அது. அப்போது சேலம் மாவட்டம். மழை பொய்க்கிற பூமி. கதர் நூற்றுக் கிடைக்கிற கூலி, வீடு போய்ச் சேர்வதற்குள் கள்ளுக்கடையில் கரைந்தது. யாரும் அதை ஆபத்தாகவே பார்க்கவில்லை. தினமும் கண்ணெதிரே நடக்கிற கெடுதல் பழகிப்போய்விடும் இல்லையா? அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் 1929-ல் ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு படப் பத்திரிகை நடத்தினார். கூடவே வேலை பார்த்தவர் கல்கி.

1937-ல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், ஆனால் மாகாணம் முழுக்க அல்ல. அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மட்டும். மது வருமானம் அரசுக்கு லேசுப்பட்ட தொகை இல்லை. ஒரே அடியாக விட்டால் கஜானா தாங்குமா, கள்ளச்சாராயம் தலைதூக்குமா என்று ஒரு மாவட்டத்தில் பார்த்துவிட்டு, பிறகு சித்தூர், கடப்பா, வடஆற்காடு என்று நகர்ந்தார். இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. இப்போது இதை ‘பைலட்’ என்போம்.

இதே நிதானம் 1953-ல் காணாமல் போனது விசித்திரம். கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தை, சட்டமன்றத்தைக் கலந்துகொள்ளாமல் ஒரே மூச்சில் அறிவித்தார். அவர் பார்வையில் அது அதிகப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தரும் வழி. ஒடுக்கப்பட்ட பெற்றோர் பார்வையில், மகனும் அப்பன் தொழிலிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து. குலக்கல்வி என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாதிப்பு யார் தலையில் விழுமோ அவர்களைக் கேட்காமல் போட்ட கணக்கு அது. 1954-ல் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

அடுத்த ஆண்டே அவர் எதிர்ப்பக்கம் நின்றார். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியுடன் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு பிசிஜி போடப்பட்டுக்கொண்டிருந்தது. வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியை, நோயே இல்லாத பிள்ளைகளின் உடம்பில் கூட்டம் கூட்டமாகச் செலுத்துவதா என்று சிறுநூல் எழுதிக் கேட்டார். பலன் நிரூபிக்கப்படவில்லை, பாதுகாப்பும் உறுதியில்லை என்றார். அப்படி ஒரு பயத்துக்கு முன்கதையும் இருந்தது. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பிசிஜி கொடுக்கப்பட்ட 72 குழந்தைகள் இறந்தன. காரணம் பிசிஜி அல்ல, ஆய்வகத்தில் அதோடு கலந்துவிட்ட வீரியமுள்ள காசநோய்க் கிருமி. ஆனால் இறந்த குழந்தைகளின் கதை ஞாபகத்தில் நிற்கிற அளவுக்கு ஆய்வறிக்கை நிற்காது.

இதற்கு ஒரு விளக்கம் பின்னாளில் வந்தது. தானாக ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, பிறர் திணிக்கும் ஆபத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அதிகமாக மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று 1969-ல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஸி ஸ்டார் மதிப்பிட்டார். எண்ணிக்கையில் வாதம் உண்டு. கள்ளுக்கடைக்குத் தானே நடந்து போனவர், ஊசிக்காரர் ஊருக்குள் வந்ததும் மிரண்டது ஏன் என்பது இதில் புரிகிறது.

அணுகுண்டுச் சோதனை விஷயத்தில் அவர் கணக்கு தெளிவாக இருந்தது. 1954-ல் பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிர்வீச்சுச் சாம்பல், தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த 23 ஜப்பானியர்கள் மீது விழுந்தது. ஒருவர் சில மாதங்களில் இறந்தார். சோதனை நடத்துவது ஒரு நாடு, சாம்பலைச் சுமப்பது இன்னொரு நாட்டு மீனவர். இதை எழுதியும் பேசியும் வந்தவர், 1962-ல் தன் 83-வது வயதில் அமெரிக்கா போய் அதிபர் கென்னடியைச் சந்தித்துச் சோதனையை நிறுத்தச் சொன்னார். 1963-ல் அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும், தரைக்கடியில் நடத்துவதைத் தவிர மற்ற சோதனைகளைக் கைவிட ஒப்பந்தம் போட்டன. கென்னடியின் முடிவுக்குப் பல காரணங்கள். ராஜாஜியால்தான் நடந்தது என்பது மிகை.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியிடம் நேரில் கேட்டும் பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார்.

அப்போது செங்கல்பட்டில் ஒரு பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது. 1968-ல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, பிசிஜி உண்மையில் காக்கிறதா என்று பார்த்தார்கள். 1979-ல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது அங்கே தடுக்கவில்லை. பலன் குறித்த அவர் சந்தேகத்தில் பாதி நியாயம் இருந்தது. பாதுகாப்பு குறித்த பயம்தான் ஊதிப்போனது. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து கைக்குழந்தைகளை பிசிஜி காப்பாற்றுகிறது. அதனால்தான் சேலம் அரசு மருத்துவமனையில் இன்று பிறக்கிற குழந்தைக்கும் இடது கையில் அந்த ஊசி விழுகிறது.