திருமூல தேவ நாயனாரும் சாத்தனூர்ச் சான்றோரும்

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர்க்கு மேற்றிசைக்கண், திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை, முன்னாளில் ஏரியும் கழனியுமாய்க் கிடந்த நிலத்தின் பெரும்பகுதி இஞ்ஞான்று தொழிற்சாலைகளாய் நிறைந்துள்ளது. இரவென்றும் பகலென்றுமின்றி ஆங்கு வேலை நடைபெறும். அண்மையில் குன்றத்தூரில் யாம் நிகழ்த்திய பெரியபுராண விரிவுரை முடிந்தபின், ஒரகடத்தில் இராவேலை பார்க்கும் இளைஞரொருவர் எம்மை அணுகினார். வேலை முடிந்து வைகறையில் விடுதியிற் படுத்தவிடத்து, உடம்பு அசைவற்றுக் கிடப்பத் தாம் மட்டும் மேலெழுந்து நின்று, கீழே கிடக்கும் தம் உடம்பைத் தாமே கண்டதாகவும், இது மும்முறை நிகழ்ந்ததாகவும் உரைத்தார். இதனைக் கேள்வியுற்ற ஒருவர், இது பரகாயப் பிரவேசத்தின் தொடக்கமென்றும், திருமூலர்க்கு வாய்த்ததும் இதுவேயென்றும், பொருள் கொடுத்துப் பயின்றால் வேண்டும்போது உடம்பை விட்டுச் செல்லலாமென்றும், அதற்கு மனைவியோடு கூடி வாழ்தல் தடையென்றும் அவர்க்குச் சொல்லியிருக்கின்றார். மணமாகி ஓராண்டும் நிரம்பாத அவ்விளைஞர் செய்வதறியாது எம்மை வினவினார். அன்று யாம் அவர்க்கு விடையாகக் கூறியது நாயனார் வரலாறே. அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

திருக்கயிலையில் நந்தியெம்பெருமானது திருவருள் பெற்ற மாணாக்கருள், எண்வகைச் சித்தியும் கைவரப்பெற்ற சிவயோகியார் ஒருவர் இருந்தார். அவர் பொதிய மலையில் எழுந்தருளியிருக்கும் அகத்திய முனிவரைக் காணும் விருப்பினராய்த் தென்றிசை நோக்கிப் புறப்பட்டார். கேதாரம், நேபாளத்துப் பசுபதிநாதம், காசி, சீபருப்பதம், திருக்காளத்தி, திருவாலங்காடு ஆகிய பதிகளை வணங்கிக் காஞ்சியை அடைந்து, ஆங்குள்ள யோகியரோடு அளவளாவினார். பின்னர்த் திருவதிகையும் தில்லையும் தொழுது, காவிரியைக் கடந்து, அதன் தென்கரைக்கணுள்ள திருவாவடுதுறையை அடைந்தார். அம்மையார் பசுவுருக் கொண்டு வழிபட்ட தலம் அது. அதனை விட்டுப் பிரிய மனமின்றிச் சில பொழுது தங்கிச் செல்லும் வழியில், காவிரிக்கரைச் சோலையிலே பசுக்கூட்டம் ஒன்று கதறுதலைக் கண்டார்.

சாத்தனூரில் அந்தணர்களுடைய ஆநிரையை மேய்ப்பவன் மூலன் என்னும் இடையன். அவன் வாழ்நாள் முடிந்து நிலத்திலே வீழ்ந்து கிடந்தான். பசுக்கள் அவனைச் சூழ்ந்து, மோந்து, சுழன்று, கண்ணீர் சொரிந்தன. அவற்றின் துயரத்தைப் பொறாத யோகியார், இவன் எழுந்தாலன்றி இவை துயர் நீங்கா எனக் கருதித் தம்முடைய திருமேனியைக் காவலான ஓரிடத்தில் வைத்து, வாயுவின் வழியே தம் உயிரை மூலனுடம்பிற் புகுத்தினார். மூலன் திருமூலராய் எழுந்தார். பசுக்கள் களித்து மேய்ந்தன. யோகியாரை இச்செயலுக்குத் தூண்டியது தம் ஆற்றலைச் சோதிக்கும் வேட்கையன்று, பசுக்களிடத்து எழுந்த இரக்கமே. பிறர் காணவேண்டும் என்னும் எண்ணமும் ஆங்கில்லை. அச்சோலையில் மக்கள் எவரும் இலர்.

மாலையிற் பசுக்கள் தத்தம் மனை புக, திருமூலர் தனியே நின்றார். கணவன் வரவு காணாத மூலன் மனைவி அஞ்சித் தேடிவந்து, நின்ற நிலையைக் கண்டு, இவர்க்கு யாதோ தீங்கு நேர்ந்ததெனக் கருதி அணுகித் தொடப் புகுந்தாள். அவர் அதனை மறுத்து, உனக்கும் எமக்கும் யாதோர் இயைபுமில்லை என விலக்கி, ஊர்ப் பொதுமடம் ஒன்றிற் புகுந்து யோகத்தில் அமர்ந்தார். மக்களும் சுற்றமும் இல்லாத அவள், அவ்விரவு முழுதும் உறங்காள், யாரிடத்தும் உரையாள். மறுநாள் ஊரிலுள்ள சான்றோரிடம் சென்று முறையிட்டாள்.

அச்சான்றோர் செய்தது எமது சிந்தையிற் பன்னாளும் நின்றதொன்று. அவர்கள் அப்பெண்ணின் சொல்லைப் புறக்கணித்தாருமல்லர். மடத்தில் அமர்ந்தவரைக் கண்டவுடன் அடியில் வீழ்ந்தாருமல்லர். நேரிற் சென்று நோக்கினர். முதலில் பித்தோ என ஆராய்ந்து, அன்றெனத் தெளிந்தனர். பின்னர் வேறொன்றின் பற்றுதலோ என ஆராய்ந்து, அதுவுமன்றெனக் கண்டனர். இவ்விரண்டும் கழிந்த பின்னரே சித்த விகாரம் நீங்கிய சிவயோக நிலையென்று உணர்ந்தனர். அதன் அளவு தமக்கு எட்டாதென்றும் ஒப்புக்கொண்டனர். ஐயுற வேண்டியதை முறையே ஐயுற்று, ஐயம் நீங்கியவிடத்து அதனை விட்டொழிதல் எவ்வாறென்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் புராணத்தில் அரிது என்பது எமது கருத்து. தம்மை நாடிவந்த இளைஞரது கனவை ஒரு வினாவும் வினவாமல் யோகமென்று முடிவுகட்டிய அப்பயிற்சியாளர், சாத்தனூர்க்குச் சென்றிருப்பின் சான்றோருள் வைத்து எண்ணப்படார்.

சான்றோர் தெளிந்ததைக் கேட்ட மூலன் மனைவி மயங்கி வீழ, அருகிலுள்ளார் அவளைக் கொண்டகன்றனர். திருமூலர் எழுந்து, முதல்நாள் பசுக்கள் வந்த வழியே சென்று, தம்முடம்பை வைத்த இடத்தை நாடினார். அஃது ஆங்கில்லை. யோகத்தாற் சிந்தித்து, ஆகமப் பொருளைத் தமிழால் வகுக்கும் பொருட்டு இறைவன் அதனை மறைத்தருளினான் என உணர்ந்தார். எண்சித்தியும் வல்லவர் தம் உடம்பைத் தாம் வைத்தவிடத்தே காணாத இடம் இது. புகுவது யோக ஆற்றலால் நிகழ்ந்தது. மீள்வதும் மீளாமையும் அவ்வாற்றலின் வயத்தனவாயிருக்கவில்லை. பதஞ்சலியார் யோக நூலின் மூன்றாம் பாதத்துப் பிறனுடல் புகுதலைக் கூறுமிடத்துக்கு அணித்தாகவே, சித்திகள் சமாதிக்கு இடையூறு என்றும் கூறியிருத்தலை நினைவுகூர்க.

நாயனார் திருவாவடுதுறைக்கு மீண்டு, திருக்கோயிலின் மேற்பால் அரசமரத்தடியில் யோகிருந்து, ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் பாட்டருளித் திருக்கயிலை சேர்ந்தார் என்பது வரலாறு. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றினார். நம்பியாண்டார் நம்பி கூடுவிட்டுப் புகுந்த செய்தியைச் சுருங்கச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் விரித்தார். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்திலோ, மூலனுடல் புகுந்த நிகழ்ச்சி வெளிப்படையாக விரித்துரைக்கப்படவில்லை. யாம் உடல்விட்டு உடல் புகுந்தோம், ஆதலின் எம் சொல்லைக் கொள்க என்று நாயனார் யாண்டும் வற்புறுத்திலர்.

மெய்கண்டாரும் இந்நெறியினரே. சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தில், உயிர் பருவுடல் விட்டுச் செல்லுமாற்றிற்கு உவமையாகப் பாம்பு தோலுரித்தலையும், கனவையும், பரகாயம் சென்று வருதலையும் கூறினார். முதலிரண்டும் எல்லாரும் அறிந்தவை. மூன்றாவது யோகியர்க்கே உரியது. பரகாயத்தை ஒப்பாதானும் பாம்பையும் கனவையும் மறுக்கமாட்டான். இனி, உடம்பின் வேறாய் உயிருண்டு என்பதை நாட்டும் மூன்றாஞ் சூத்திரத்தில் பரகாயத்தை அவர் எடுத்தாளவேயில்லை. எனது கை, எனது கால் எனப் பிரித்துணர்தலும், உறங்குங்கால் மூச்சு இயங்கியும் நுகர்ச்சியின்மையும் போன்று, ஒவ்வொருவரும் தம்மிடத்தே கண்டு தெளியத்தக்க ஏதுக்களே ஆங்குள்ளன.

இளைஞர் கண்டது யாது? கருவிகள் முப்பத்தைந்தும் தொழிற்படும் நனவும், இருபத்தைந்தோடு உயிர் கண்டத்தில் நிற்கும் கனவும் ஒன்றோடொன்று மயங்குதலும் உண்டென்பது நம் நூற்கொள்கை. உறக்கம் முறைபிறழ்ந்த உடம்பில் அம்மயக்கம் நேர்தல் வியப்பன்று. அமுக்குவான் என நம்மூர்ப் பாட்டியர் சொல்வதும் இதனோடு ஒட்டியதே. 2002ஆம் ஆண்டில் ஜெனீவா மருத்துவர்கள், வலிப்பு நோயுற்ற ஒரு பெண்ணின் மூளையில் வலப்புறத்தே ஓரிடத்தை மின்னாற் றூண்ட, அவள் தான் மேலே மிதந்து, கட்டிலிற் கிடக்கும் தன் உடலின் ஒரு பகுதியைக் கண்டதாகக் கூறினாள். 2014இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், 2,060 இதயநிறுத்தங்கள் ஆராயப்பட்டன. மேலிருந்து நோக்கினாலன்றிக் காணவியலாத படங்களை மருத்துவமனைப் பலகைகளில் வைத்திருந்தனர். கண்டதும் கேட்டதும் நினைவிலுண்டு என்றோர் இருவரே. அவ்விருவரும் பலகையில்லாத இடத்திற் கிடந்தவர்கள். ஆதலின் அவ்வாராய்ச்சி உண்டென்றும் இல்லையென்றும் முடிவு காட்டவில்லை. மூளையிற் றூண்டினால் தோன்றுவதைக் கொண்டு உயிரில்லை என்பாரும், மிதந்த தோற்றத்தைக் கொண்டு உயிரைக் கண்டேன் என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். கீழே கிடக்கும் உடம்பைக் காண்பதும் கருவியோடு கூடிய காட்சியே. அங்கே உயிர் தன்னையும் அறிந்திலது, தலைவனையும் அறிந்திலது.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் இத்துணை விரித்துக் கூறிற்றிலம். பயிற்சிக்குப் பொருள் கொடுக்க வேண்டாவென்றும், உறக்கத்தைப் பற்றி மருத்துவர் ஒருவரைக் காண்கவென்றும், மீண்டும் நேரின் அஞ்சாது ஐந்தெழுத்தை எண்ணுகவென்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, அம்மூலன் மனைவி பின்னர் என் ஆனாள் என்று வினவினார். அருகிலுள்ளார் கொண்டகன்றனர் என்பதற்குமேற் சேக்கிழார் அவளைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெயரும் நமக்குத் தெரியாது என்றோம். மறுநாள் தமக்கு ஓய்வுநாள் என்றும், இரவே பேருந்து ஏறி ஊருக்குச் செல்வதாகவும் கூறி அவர் விடைபெற்றார்.